களம் விட்டு இறங்கிய பின்

மற்போர் வீரனுக்கும் குத்துச்சண்டை வீரனுக்கும் இரண்டு வாழ்வுகள் உண்டு. முதலாவது கூட்டத்தின் நடுவே நிகழ்வது. அதை நாம் எல்லாரும் அறிவோம். இரண்டாவது, அவன் களம் விட்டு இறங்கும் நாளில் தொடங்குவது. முதலாவதைவிட அது மிக நீண்டது. அதை அறிந்தவர்களோ மிகச் சிலர். முப்பத்தைந்து வயதில் கையுறையைக் கழற்றும் ஒருவன், அதன்பின் முப்பது நாற்பது ஆண்டுகள் வாழ வேண்டியவனாக இருக்கிறான். அந்த ஆண்டுகளில் அவன் தோள்வலிக்கு என்ன வேலை? ஊர் கொண்டாடிய அவன் பெயர் அவனுக்கு எதைத் தருகிறது? இக்கேள்விகளோடு வரலாற்றைப் புரட்டினால், அது தில்லியில் தொடங்கி நம் காவிரிக்கரைக்கே நம்மை அழைத்து வருவதைக் காண்கிறோம்.

ஒரே மேடை, இரண்டு வாழ்வுகள்

1980ஆம் ஆண்டு சனவரி 27ஆம் நாள் தில்லியில் ஒரு காட்சிப் போட்டி நடந்தது. மேடையின் ஒரு மூலையில் நின்றவர், கனஎடைப் பிரிவில் மும்முறை உலகப் பட்டம் பெற்ற முகம்மது அலி. மறு மூலையில் நின்றவர் கவுர் சிங். பஞ்சாபின் சங்ரூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். இந்திய இராணுவ வீரர். படையில் சேர்ந்த பிறகே கையுறை அணியக் கற்றவர். அதே பயணத்தில் அலி சென்னைக்கும் வந்தார். நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிசுடன் அவர் மோதியதைக் காணத் திரண்ட கூட்டத்தைப் பற்றி வடசென்னையில் முதியோர் நெடுங்காலம் பேசிக்கொண்டிருந்தனர்.

அலியின் பிற்கால வாழ்வு உலகறிந்தது. 1981 இறுதியில் அவர் கடைசிப் போட்டியில் தோற்றார். 1984இல் அவருக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பது கண்டறியப்பட்டது. சொல்லால் எதிரியைச் சாய்த்தவரின் நாக்கு மெல்ல மெல்லத் தளர்ந்தது, கை நடுங்கியது. ஆயினும் 1990இல் அவர் பாக்தாத்துக்குச் சென்று, அங்குப் பிணையாக வைக்கப்பட்டிருந்த அமெரிக்கர் 15 பேரை மீட்டு வந்தார். 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக் சுடரை நடுங்கும் கையாலேயே ஏற்றினார். அந்த நடுக்கத்தை அவர் உலகிடமிருந்து மறைக்கவில்லை. 2016இல் அவர் மறைந்தபோது உலகம் நினைவுகூர்ந்தவற்றுள் அவருடைய வெற்றிகளுக்கு ஈடாக இவையும் இடம்பெற்றன.

கவுர் சிங்கின் வழி வேறு. 1982 தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியில் அவர் தங்கம் வென்றார். அவ்வாண்டே அருச்சுனா விருதும், 1983இல் பத்மஸ்ரீயும் அவருக்குக் கிடைத்தன. 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் கலந்துகொண்டார். அத்துடன் களம் விட்டார். பின்னர் தம் ஊருக்குத் திரும்பி, நிலத்தை நம்பி வாழ்ந்தார். நாடு அவரை மறந்தது. 2017இல் இதய நோய்ச் சிகிச்சைக்காக அவர் கடன்பட்டிருக்கிறார் என்ற செய்தி நாளேடுகளில் வந்த பிறகே இராணுவமும் அரசும் உதவிக்கரம் நீட்டின. அவர் வாழ்வு திரைப்படமாயிற்று. பள்ளிப் பாடநூலில் அவர் வரலாற்றைச் சேர்ப்பதாகப் பஞ்சாப் அரசு அறிவித்தது. அந்த அறிவிப்பு வந்த சிறிது காலத்தில், 2023 ஏப்ரல் 27 அன்று அவர் மறைந்தார்.

இதைச் சொல்வது எவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக அன்று. புகழ் எவ்வாறு இயங்குகிறது என்பதை இது தெளிவாகக் காட்டுகிறது. கூட்டம் வீரனின் உருவத்தைப் போற்றும். அவ்வுருவம் சுவரில் தொங்கும், பாடநூலில் ஏறும். வீரன் என்னும் மனிதனோ கடன் சீட்டுக்கும் மருத்துவமனைக்கும் நடுவே தனியே நிற்பான்.

உறையூரில் ஒரு மற்போர்

இந்த நிலைமை இன்று நேற்றுத் தோன்றியதன்று. சங்க காலத்து உறையூரோடு தொடர்புடைய ஒரு மற்போரைப் புறநானூறு நமக்குச் சொல்கிறது. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி, முக்காவல் நாட்டு ஆமூரில் புகழ்பெற்ற மல்லன் ஒருவனோடு பொருது அவனை வீழ்த்தினான். இச்செய்தியைச் சாத்தந்தையார் 80ஆம் பாடல் முதல் மூன்று பாடல்களில் பாடினார். அடுத்த மூன்றையும் நக்கண்ணையார் பாடினார்.

சாத்தந்தையாரின் பாடலில் போரின் பிடி ஒவ்வொன்றும் தெரிகிறது. ஒரு காலை மல்லனின் மார்பில் ஊன்றி, மறு காலால் அவன் தந்திரத்தைத் தடுத்து, கிள்ளி அவனை முறிக்கிறான். கிள்ளியின் தந்தை தித்தன் மகனோடு பிணங்கியிருந்தவன். அவன் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் இக்காட்சியைக் கண்டிருக்க வேண்டும் என்று புலவர் ஏங்குகிறார். அத்தனை பெரிய வெற்றியிலும் வீரனுக்குக் குறையாக நின்றது தந்தையின் பார்வை ஒன்றுதான்.

நக்கண்ணையார் காட்டும் காட்சி வேறு. 85ஆம் பாடலில் ஊரே இரண்டுபட்டு நிற்கிறது. வெற்றி அவனுடையது என்கின்றனர் ஒரு சாரார். இல்லை என்கின்றனர் மறு சாரார். அவனை விரும்பிய பெண்ணோ ஓடிச் சென்று, பனைமரத்தில் சாய்ந்து நின்று, தன் கண்ணாலேயே அவன் வெற்றியைக் காண்கிறாள். ஊர் வாதிட்டது, அன்புள்ள ஒருத்தி பார்த்தாள்.

இதில் நம் மனத்தை உறுத்துவது மற்றொன்று. தோற்றவனின் பெயர் எங்கும் இல்லை. ஆமூர் மல்லன் என்பதோடு சரி. போருக்கு முந்தைய நாள்வரை அவனும் தன் ஊரின் பெருமையாக இருந்திருப்பான். ஆறு பாடல்கள் அந்த ஒரு நாளை ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் காத்து வைத்திருக்கின்றன. அவற்றுள் அவனுக்கு ஒரு பெயருக்குக் கூட இடமில்லை.

திருவரங்கத்து வீதியில்

அதே உறையூரில், பல நூற்றாண்டுகளுக்குப் பின், மற்றொரு மல்லன் வாழ்ந்தான். அவனை வைணவ குருபரம்பரை நூல்கள் நமக்கு அறிமுகம் செய்கின்றன. பிற்காலத்தில் பிள்ளை உறங்காவில்லி தாசர் என்று பெயர்பெற்ற அவர், அரசனிடம் ஊழியம் செய்த மற்போர் வீரர். அவர் காலம் இராமானுசரின் காலம். மரபு இராமானுசருக்கு 1017 முதல் 1137 வரை என ஆண்டு வகுக்கிறது. இந்நூல்கள் பக்தியோடு எழுதப்பட்டவை. ஆகவே இவற்றை மரபின் நினைவாகவே நாம் கொள்கிறோம். ஒரு சமூகம் தன் வீரனை எவ்வாறு நினைவில் வைக்க விரும்பியது என்பதற்கு இவற்றைவிட நல்ல சான்று இல்லை.

திருவிழாக் காலம். திருவரங்கத்து வீதி நிறையக் கூட்டம். அதன் நடுவே இந்த மல்லர், தம் மனைவி பொன்னாச்சியின் மேல் வெயில் படாதபடி குடை பிடித்துக்கொண்டு நடக்கிறார். கூட்டம் நகைக்கிறது. களத்தில் எதிரிகளை மண் கவ்வச் செய்தவன் பெண்ணுக்குக் குடை பிடிப்பதா? இராமானுசர் அவரை அழைத்துக் காரணம் கேட்கிறார். அவள் கண்ணழகுக்கு ஈடான அழகு உலகில் இல்லை. அக்கண்கள் வாடலாகாது என்கிறார் மல்லர். அதனினும் அழகிய கண்களைக் காட்டினால் என்று கேட்டு, இராமானுசர் அவரை அரங்கனின் திருமுன் அழைத்துச் செல்கிறார். மல்லரின் வாழ்வு அங்கே திரும்பியது.

இக்கதையை மனமாற்றக் கதையாக மட்டும் படித்துக் கடந்துவிடலாம். ஆனால் இராமானுசர் எதைச் செய்யவில்லை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். அவர் மல்லரின் அன்பை இகழவில்லை. அவர் தோள்வலியைப் பயனற்றதென்று ஒதுக்கவுமில்லை. தம்பதியர் இருவருமே திருவரங்கத்துக்கு வந்து அவர் அருகில் வாழ்ந்தனர். இறைவன் வீதி உலா வரும்போது தீங்கு ஏதும் நேராதபடி மல்லர் வாளை உருவிக்கொண்டு காவலாக உடன் நடந்தார் என்கிறது மரபு. அரசனுக்காக உழைத்த தசைகள் இப்போது காவலுக்கு உழைத்தன. உறங்காவில்லி என்ற பெயரே விழித்திருப்பவன் என்று சொல்கிறது.

அடுத்து வருவதே இவ்வரலாற்றின் நெஞ்சம். முதுமையில் இராமானுசர் காவிரிக்கு நீராடச் செல்லும்போது அந்தணச் சீடர் ஒருவரின் கையைப் பற்றிச் செல்வார். நீராடித் திரும்பும்போது உறங்காவில்லி தாசரின் கையைப் பற்றி வருவார். தாழ்ந்த குலம் என்று அக்காலச் சமூகம் கருதிய ஒருவரின் கையைத் தூய்மையான பின் பற்றுவதா என்று சீடர்கள் முணுமுணுத்தனர். குலச் செருக்கும் கல்விச் செருக்கும் செல்வச் செருக்கும் அற்றவர் அவர் என்பதே குருவின் விடையாயிற்று.

அதை மெய்ப்பிக்க அவர் ஒரு சோதனையும் வைத்தார். இரவில் சீடர்கள் உலர்த்தியிருந்த ஆடைகளைச் சிறிது கிழிக்கச் செய்தார். விடிந்ததும் அவர்களுக்குள் பெரும் பூசல் எழுந்தது. பிறகு அவர்களையே மல்லரின் வீட்டுக்கு அனுப்பி, உறங்கும் பொன்னாச்சியின் நகைகளைக் கழற்றி வரச் சொன்னார். அவள் விழித்திருந்தாள். ஒரு பக்கத்து நகைகளை அவர்கள் கழற்றியதும், மறுபக்கத்தையும் கழற்றிக்கொள்ளட்டும் என்று புரண்டு படுத்தாள். வந்தவர்கள் அஞ்சி ஓடிவிட்டனர். வீடு திரும்பிய மல்லர், நகை போனதற்கு வருந்தவில்லை. நீ அசையாமல் கிடந்திருந்தால் அவர்கள் முழுவதையும் எடுத்திருப்பார்களே என்று மனைவியைக் கடிந்துகொண்டார்.

கூட்டத்தின் பார்வையும் ஒருவரின் கையும்

இவற்றை ஒருசேர வைத்துப் பார்ப்போம். ஆமூரில் கூட்டம் இரண்டுபட்டு வாதிட்டது. திருவரங்க வீதியில் நகைத்தது. மடத்து வாயிலில் முணுமுணுத்தது. நம் காலத்தில் கைதட்டிவிட்டு மறந்தது. கூட்டத்தின் குணம் எக்காலத்தும் ஒன்றே. அதன் நினைவை நம்பி எந்த வீரனும் முதுமையைக் கழிக்க முடியாது. உறையூர் மல்லரின் பிற்கால வாழ்வை நிறைவாக்கியது, ஒரு பெரியவர் அவர் கையைப் பற்றி நடந்தார் என்பதே. அவர் கைக்கு ஒரு வேலையும், அவருக்கு ஓர் இடமும் கிடைத்தன.

தூய பவுல், கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 9ஆம் அதிகாரத்தில் ஓட்டப்பந்தயத்தையும் குத்துச்சண்டையையும் உவமையாக எடுத்தாள்கிறார். கொரிந்து நகருக்கு அருகில் நடந்த இஸ்துமியப் போட்டிகளில் வென்றவர்கள் தழைகளால் பின்னிய முடியைச் சூடினர். அது வாடும் முடி என்பதை அவருடைய வாசகர்கள் கண்ணால் கண்டு அறிந்திருந்தனர். முடி வாடிய பின்னும் அதைச் சூடிய தலை வாழ வேண்டியிருக்கிறது என்பதையும் நாம் சேர்த்து எண்ண வேண்டும்.

நம் ஊர்களிலும் இத்தகையோர் உண்டு. ஒரு காலத்தில் மாவட்டத்துக்கோ மாநிலத்துக்கோ ஆடிய கால்பந்து வீரர், கபடி வீரர், குத்துச்சண்டை வீரர் இன்று மூன்றாம் தெருவில் அமைதியாக வாழ்கிறார். விளையாட்டு விழா நாளில் அவரை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துகிறோம், மறுநாள் மறந்துவிடுகிறோம். மாலைப் பொழுதில் நம் பிள்ளைகளை அவரிடம் அனுப்பலாம். கால் வைக்கும் முறையையும், அடி வாங்கிய பின் எழும் முறையையும் அவரைவிட நன்கு கற்றுத்தருவோர் யார்? அவர் நோயுற்றால் நாளேட்டில் செய்தி வரும்வரை காத்திராமல் நாமே சென்று பார்க்கலாம். அவர் கையைப் பற்றி நடக்க நம்முள் ஒருவர் இருந்தால், களம் விட்டு இறங்கிய அவரது இரண்டாம் வாழ்வும் வீணாகப் போகாது.