பாப் கலையும் கம்பம் பள்ளத்தாக்கின் பென்னிகுயிக் படங்களும்

முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் கர்னல் ஜான் பென்னிகுயிக்கின் (1841–1911) உருவப்படம், தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் வீடுகள், கடைகள், விளம்பரத் தட்டிகள் எனப் பல இடங்களில் காணப்படுகிறது. ஒரே முகத்தை அச்சில் பெருக்கும் இவ்வழக்கத்தைப் பாப் கலையோடு ஒப்பிட்டு நோக்கலாம்.

பாப் கலை

பாப் கலை 1950களில் பிரிட்டனில் தோன்றி, 1960களில் அமெரிக்காவில் வளர்ந்தது. விளம்பரம், திரைப்படம், சித்திரக்கதை போன்றவற்றில் மக்கள் அன்றாடம் காணும் படங்களே இதன் கருப்பொருள். ஆண்டி வார்ஹால் 1962இல் நடிகை மர்லின் மன்றோவின் விளம்பரப் புகைப்படம் ஒன்றை எடுத்து, பெரிதாக்கி, திரை அச்சு (ஸ்கிரீன் பிரிண்டிங்) முறையில் வெவ்வேறு வண்ணங்களில் திரும்பத் திரும்பப் பதித்தார். ராய் லிக்டென்ஸ்டைன் மலிவு அச்சின் வண்ணப் புள்ளிகளையே ஓவியமாக்கினார். வார்ஹாலின் படைப்புகளுக்கான அருங்காட்சியகம் 1994இல் பிட்ஸ்பர்க் நகரில், பழைய கிடங்குக் கட்டடம் ஒன்றைச் சீரமைத்துத் திறக்கப்பட்டது.

பள்ளத்தாக்கின் படம்

பெரியாறு அணை 1895இல் திறக்கப்பட்டது. மேற்கு நோக்கி ஓடிய பெரியாற்று நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பி வைகையைச் சேர்ந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைய இந்நீரே ஆதாரம். இந்த நன்றியுணர்வால் பென்னிகுயிக்கின் படம் பூசை அறைவரை சென்றது. அவர் பிறந்த சனவரி 15 அன்று பாலார்பட்டியில் பொங்கல் வைத்துக் கொண்டாடுகின்றனர்.

வார்ஹால் தெருவின் படத்தைக் கலைக்கூடத்துக்குள் கொண்டுசென்றார். இங்கோ புகைப்படத்தில் இருந்த ஒரு பொறியாளரின் முகம் தெருவுக்கு வந்தது. பாப் கலையில் ஒரு முகம் திரும்பத் திரும்ப வரும்போது அது கடைப்பொருள் போலத் தோன்றும். கம்பம் பள்ளத்தாக்கில் ஒவ்வொரு படியும் ஒரு வணக்கமாகிறது.

அருங்காட்சியகத்துக்கான பாடம்

கூடலூரை அடுத்த லோயர் கேம்பில் தமிழ்நாடு அரசு அமைத்த பென்னிகுயிக் மணிமண்டபம் 2013 சனவரியில் திறக்கப்பட்டது. அங்கு அவருக்கு வெண்கலச் சிலை உள்ளது. வெண்கலம் நிலைத்து நிற்கும். மக்கள் அச்சிட்ட படங்களுக்கு அந்த ஆயுள் இல்லை. ஆண்டு முடிந்தால் நாட்காட்டி கழற்றப்படுகிறது, ஃப்ளெக்ஸ் தட்டி வெயிலில் வெளுக்கிறது. பாப் கலையை முன்மாதிரியாகக் கொண்டு இப்பகுதியில் ஓர் அருங்காட்சியகம் அமைந்தால், இப்படங்களே அதன் முதன்மைச் சேகரிப்பாகும். ஒரே படத்தின் பல படிகளை ஒரு சுவரில் அடுக்கினால், காலந்தோறும் மாறிய வண்ணமும் அலங்காரமும் புலப்படும்.

அவற்றின் அருகில் ஆவணங்களும் இடம்பெறுதல் வேண்டும். பென்னிகுயிக் தம் சொத்தை விற்று அணையைக் கட்டினார் என்னும் செய்தி மக்களிடையே வழங்குகிறது. ஆயினும் அணை, சென்னை மாகாண அரசின் பொதுப்பணித் திட்டமாகவே கட்டப்பட்டது. மக்கள் போற்றும் உருவத்தையும் ஆவணம் கூறும் வரலாற்றையும் அருகருகே வைத்தால், இரண்டையும் பிரித்தறிய மாணவர்கள் கற்றுக்கொள்வர்.