வீட்டுக்குள் ஒடுங்கியோர்: மதுரை வட்டாரத்தில் ஒரு நோய்க்குறியின் வரலாறு

மாதக்கணக்கில் வாசல் தாண்டாமல், யாரோடும் பேசாமல் மூலையில் ஒடுங்கிவிடுவது மனச்சிதைவிலும் ஆழ்ந்த மனச்சோர்விலும் காணப்படும் அறிகுறி. மதுரை வட்டாரத்தில் இப்படி ஒடுங்கியவரைப் ‘பிரமை பிடிச்சவன்’ என்பார்கள். காத்துக் கருப்பு அண்டியிருக்கும், யாரோ மருந்து வைத்திருப்பார்கள் என்று கோடாங்கியிடம் குறி கேட்பார்கள். அதோடு தேடல் நின்றுவிடுவதே வழக்கம். கூச்சலிட்டவரையும் அடிக்கப் பாய்ந்தவரையும்தான் பாண்டி கோயிலுக்கும் ஏர்வாடி தர்காவுக்கும் கூட்டிப் போனார்கள். சாப்பிட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பவரால் யாருக்கும் தொந்தரவில்லையே!

அரசின் பார்வையும் ஏறக்குறைய இதுதான். சென்னையில் 1794-இல் தொடங்கிய மனநோயர் காப்பகம் 1871-இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம்பெயர்ந்தது. தெருவில் அலைபவரையும் ஆபத்தானவரையும் பிடித்து மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும் அதிகாரத்தை 1912-ஆம் ஆண்டுச் சட்டம் போலீசாருக்குக் கொடுத்தது. வீட்டில் கவனிப்பாரின்றிக் கிடப்பவருக்கும் அதில் இடமிருந்தது. ஆனால் அதை யாராவது போய்ச் சொன்னால்தானே!

1950-களில் வந்த குளோர்புரோமசின் மாத்திரை காதில் கேட்கும் குரல்களையும் வெறியையும் தணித்தது. ஒடுக்கம் அவ்வளவு எளிதில் அசையவில்லை. மருந்துக்கு மேல் வேலையும் பழக்கமும் பேச்சுத்துணையும் வேண்டும் என்ற எண்ணம் இதிலிருந்தே வலுப்பெற்றது. கீழ்ப்பாக்கத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த டாக்டர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் மனச்சிதைவு நோயாளிகளின் மறுவாழ்வுக்காக ‘ஸ்கார்ஃப்’ அமைப்பை நிறுவினார். மதுரையில் டாக்டர் சி. ராமசுப்பிரமணியன் 1992-இல் அதே நோக்கத்தோடு எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையைத் தொடங்கினார். மறுவாழ்வு என்பது தென் மாவட்டக் குடும்பங்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் வந்தது இதன் பிறகுதான்.

2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி அதிகாலை ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. 1997-இல் திருச்சியில் தொடங்கியிருந்த மாவட்ட மனநலத் திட்டம் தெற்கே விரிந்தது. சங்கிலியை நாடே பார்த்துவிட்டது. சாத்திய அறைக்குள் இருந்தவர்கள் அப்போதும் செய்தியாகவில்லை.

அவர்களை ஏட்டில் ஏற்றியது ஓர் அளவுகோல். மனநோயால் வரும் ஊனத்தை மதிப்பிட இந்திய மனநல மருத்துவர் சங்கம் உருவாக்கிய ‘ஐடியாஸ்’ முறையை மத்திய அரசு 2002-இல் ஏற்றது. தன்னைப் பேணுதல், பிறரோடு பழகுதல், பேச்சும் புரிதலும், வேலை ஆகிய நான்குக்கும் அதில் மதிப்பெண் உண்டு. குளிக்காததும் பேசாததும் முதன்முறையாகக் கணக்கில் வந்தன. ஈராண்டு நோயும் 40 சதவீத ஊனமும் இருந்தால் சான்றிதழ் பெறலாம். அதைக் கொண்டு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம்.

2011-இல் மதுரை மாநகராட்சியோடு இணைந்த ஆனையூர் போன்ற புறநகர்களில், ஒடுங்கியவர் யார் கண்ணிலும் படாத சிக்கலுக்கு வேறொரு முகமும் உண்டு. திண்ணை வைத்த வீட்டில் ஒடுங்கியவர் தெருக்காரர் கண்ணில் படுவார். அடுக்குமாடி வீட்டில் பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியாது. சான்றிதழ் வேண்டுமென்றால் அவரை எப்படியாவது அரசு மருத்துவமனைக்கு அழைத்துவர வேண்டியதும் குடும்பத்தார் பாடுதான்.