வாங்கிய மௌனமும் விளைந்த மௌனமும்

இத்தாலியின் பலெர்மோ நகரில் ஸ்தாசியோனே சென்ட்ராலே என்னும் மத்திய ரயில் நிலையத்தில் இறங்கிப் பல்லாரோ சந்தைப் பக்கம் நடந்தால் ஈழத்துத் தமிழ் காதில் விழும். அதைப் பேசும் வீடுகளில் வளரும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு உடலுறவைப் பற்றி யார் சொல்லித் தருவது? இதே கேள்விக்கு அமெரிக்காவும் இத்தாலியும் காசை வெவ்வேறு இடங்களில் வைத்தன.

அமெரிக்கா வகுப்பறையில் வைத்தது. 1996ஆம் ஆண்டுச் சட்டம், திருமணம்வரை உடலுறவைத் தவிர்க்கும்படி போதிக்க ஆண்டுக்கு 5 கோடி டாலர் ஒதுக்கியது. மத்திய அரசின் ஒவ்வொரு 4 டாலருக்கும் மாநிலம் 3 டாலர் போட வேண்டியிருந்தது. பாடம் எதைச் சொல்ல வேண்டும் என்பதற்கு எட்டு வரையறைகள். கருத்தடையைப் பரிந்துரைக்க இடமிருக்கவில்லை. கலிபோர்னியா இந்தப் பணத்தைத் தொடவே இல்லை. இத்தகைய நான்கு திட்டங்களில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. பாடம் கேட்டவர்களும் கேட்காதவர்களும் முதல் உறவு கொண்ட சராசரி வயது ஒன்றே: 14.9. எதிர்த்தவர்கள் அஞ்சியதும் நடக்கவில்லை. பாடம் கேட்டவர்கள் ஆணுறையை அதிகம் கைவிட்டுவிடவில்லை.

இத்தாலி வகுப்பறைக்கு வெளியே வைத்தது. 1975ஆம் ஆண்டின் 405ஆம் எண் சட்டம் 'கொன்சுல்தோரியோ' என்னும் குடும்ப ஆலோசனை நிலையங்களை உருவாக்கியது. 1978ஆம் ஆண்டின் 194ஆம் எண் சட்டப்படி, மருத்துவர் எழுதிக்கொடுத்தால் பதினெட்டு நிரம்பாதவர்களும் அங்கே கருத்தடைச் சாதனம் பெறலாம். பள்ளியிலோ பாலியல் கல்வி கட்டாயப் பாடமாகவே இல்லை. பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் அதைத் தொடக்கூடாது என்னும் மசோதாவை 2025இல் கல்வி அமைச்சர் ஜுசெப்பே வல்தித்தாரா கொண்டுவந்தார்.

அமெரிக்கா காசு கொடுத்து வாங்கிய மௌனம், இத்தாலியில் காசில்லாமலே விளைந்தது. ஆனால் இத்தாலியப் பிள்ளைக்குத் தெருவில் ஒரு கதவு திறந்திருக்கிறது; அப்படியொரு கதவு உண்டென்று பள்ளிதான் சொல்ல வேண்டும்.

நம் வீடுகளும் காசை ஓரிடத்தில் வைக்கின்றன. மண்டபம் பிடித்து, வீடியோ எடுத்துச் சாமத்தியவீடு செய்கிறோம். பெண் பெரியவளானது ஊருக்கெல்லாம் தெரியும்; அவளுக்கு மட்டும் எதுவும் சொல்வதில்லை. மகனுக்கு அந்தச் சடங்கும் இல்லை. நாளை ஒப்புதல் படிவம் வீட்டுக்கு வந்தால், இத்தாலியக் கடிதங்களை வழக்கமாக வாசித்துச் சொல்லும் பிள்ளையே அதையும் வாசிக்கும். அப்போது, பாலியல் கல்வி என்பதை அப்பா அம்மாவுக்கு முன்னால் எந்தத் தமிழ்ச் சொல்லால் சொல்வது என்று அது தடுமாறும்.