வேம்படியின் வாசல்

யாழ்ப்பாணக் கோட்டைக்கும் பொது நூலகத்துக்கும் அண்மையில் நிற்கிறது எங்கள் வேம்படி மகளிர் உயர்தரப் பாடசாலை. மெதடிஸ்த மிஷனரிமார் 1834 இல் ஆரம்பித்த இக்கல்விக்கூடத்தின் வரலாற்றை அதிபர்களின் வரிசையாகவோ கட்டடங்களின் கதையாகவோ எழுதலாம். எந்தக் காலத்தில் எந்தப் பிள்ளைக்கு இதன் வாசல் திறந்தது என்று கேட்டும் எழுதலாம். இக்கட்டுரை இரண்டாவது வழியிற் செல்கிறது.

பெண்பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பப் பெற்றோர் தயங்கிய காலத்திலேயே மிஷன் பெண்கல்வி தொடங்கியது. 1913 இல் சேர் பொன். இராமநாதன் மருதனார்மடத்தில் சைவப் பெண்பிள்ளைகளுக்கெனக் கல்லூரி நிறுவினார். பெண்கல்வி வேண்டுமா என்ற கேள்வி அதற்குள் மறைந்து, அதை யார் கொடுப்பது என்ற கேள்வி எழுந்துவிட்டது. ஆயினும் ஆங்கிலக் கல்வி கட்டணம் செலுத்தக்கூடியவர்களுக்கே எட்டியது.

அந்த நிலையை மாற்றியது சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945 இல் வந்த இலவசக் கல்வி. 1960 இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது சுண்டிக்குளியும் உடுவிலும் தனியார் பாடசாலைகளாகவே நின்றன. வேம்படி அரசின் கைக்கு வந்தது. மிஷன் மரபை இழந்தோம் என்று வருந்தியோர் உண்டு. ஆனால், கட்டணமின்றி நகரின் நடுவே ஒரு முன்னணிப் பாடசாலை என்பது சாதாரண குடும்பங்களுக்குப் பெரிய வாய்ப்பு. 1980 இல் இலவசப் பாடநூலும் 1993 இல் சீருடைத் துணியும் அதற்கு மேலும் துணைநின்றன.

வாசல் திறந்தபின் அடுத்த கதவு இறுகியது. 1971 இல் மருத்துவபீட அனுமதிக்குச் சிங்களமொழி மூல மாணவருக்கு 400 இற்கு 229 புள்ளிகள் போதுமாயிருந்தன. தமிழ்மொழி மூல மாணவருக்கு 250 தேவைப்பட்டது. நாங்கள் பிறப்பதற்கு முன்னரே வந்த இந்த இடைவெளியின் கதையை வீடுகளிற் கேட்டே வளர்ந்தோம். 1978 இல் யாழ்ப்பாணத்திலேயே மருத்துவபீடம் அமைந்தது.

பின்னர் போர். 1981 யூன் தொடக்கத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் பொது நூலகம் எரிந்தது. 1990 இல் கோட்டை முற்றுகையின்போது நகரின் இப்பகுதி சிதைந்தது. தொடர்ந்த ஆண்டுகளில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய்த் தடை வேறு. யாம் போத்தல் விளக்கில் ஒரு தலைமுறையே படித்தது. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, உடுப்புப் பையுடன் கொப்பிகளையும் சுமந்த பிள்ளைகள் பலர். சுவர்களை விட்டு வந்தபின்னும் பாடசாலை என்ற ஒன்று எஞ்சியிருந்தது: ஆசிரியர்களும் மாணவிகளும் ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடித்துப் படித்த அந்தப் பிடிவாதம்.

இன்று கூரையும் உண்டு, மின்சாரமும் உண்டு. ஆறாம் தரத்தில் நுழைவதற்கான வாசலைத் தீர்மானிப்பது ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளி. பாடசாலையிற் கட்டணம் இல்லை. ஆனால் பத்து வயதுப் பிள்ளையை அந்தப் புள்ளிக்குக் கொண்டுவரும் ரியூசனுக்குக் கட்டணம் உண்டு. 1945 இல் முன்வாசலால் வெளியேற்றிய காசு பின்வாசலால் வருகிறதோ என்று எண்ணத் தோன்றுகிறது.

பழைய மாணவிகளாகிய நாம் கட்டடங்களுக்கும் மலர்களுக்கும் நிதி சேர்க்கிறோம், அது வேண்டியதே. அத்துடன் தீவகத்திலோ வன்னியிலோ இருந்து உயர்தரம் படிக்க வரக்கூடிய ஒரு பிள்ளையின் பஸ் காசையும் விடுதிச் செலவையும் நம் கணக்கிற் சேர்ப்போம். இலவசக் கல்வியால் மேலெழுந்த நம் தலைமுறை அடைக்கவேண்டிய கடன் அது.