ஆட்டிசம் உள்ளவர்களுக்கான பராமரிப்பு இல்லம்: பணியாளர்களும் வாழ்க்கைத் தரமும்

ஆட்டிசம் என்பது தொற்றுநோயோ மனநோயோ அன்று. மூளை வளர்ச்சியில் ஏற்படும் வேறுபாடு. ஆட்டிசம் உள்ளவர்களுள் பலர் குடும்பத்துடனேயே வாழ்கின்றனர். பெற்றோர் முதுமையடையும்போதோ, இரவும் பகலும் உடனிருந்து கவனிக்க இயலாதபோதோ தங்கிப் பராமரிக்கும் இல்லத்தை நாட நேரிடுகிறது. அப்போது கட்டடத்தையும் முற்றத்தையும் பார்த்து முடிவெடுப்பதே பெரும்பாலோர் வழக்கம். முதலில் கேட்க வேண்டியதோ, இரவில் எத்தனை பணியாளர்கள் விழித்திருக்கின்றனர் என்பது.

இரவுப் பணியாளர்கள்

ஆட்டிசம் உள்ளவர்களிடையே உறக்கக் குறைபாடு மிகுதி. வலிப்பு நோயும் மற்றவர்களைவிட அதிகம். சிலர் எவரிடமும் சொல்லாமல் வெளியேறிவிடுவர். அவர்களுள் நீரால் ஈர்க்கப்படுபவர்கள் உண்டு. வெளியேறும் குழந்தைகளுக்கு நேரும் உயிரிழப்புகளில் நீரில் மூழ்குதல் முதன்மைக் காரணமாக உள்ளது. ஐந்தருவி, குற்றாலம் சுற்றுப்பகுதிகளில் அருவியும் கால்வாயும் குளமும் அருகருகே உள்ளன. மலையில் மழை பெய்தால் அருவியில் சில நிமிடங்களில் வெள்ளம் பெருகிவிடும். சாரல் காலத்தில் கூட்டமும் வாகன இரைச்சலும் சேர்ந்துகொள்வதால், ஒலியைத் தாங்க இயலாதவர்கள் மேலும் பதற்றமடைவர். எனவே இப்பகுதியில் இல்லம் தேடுவோர் வாயிற்கதவு, சுற்றுச்சுவர், நீர்நிலை இருக்கும் தொலைவு ஆகியவற்றை நேரில் காண வேண்டும்.

அறையைப் பூட்டி வைப்பது இதற்குத் தீர்வாகாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கியிருந்த தனியார் இல்லம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்ப இயலாமல் 28 பேர் உயிரிழந்தனர். பூட்டும் சங்கிலியும் போதிய ஆட்கள் இல்லாத இடத்தில்தான் எளிய வழியாகத் தோன்றுகின்றன.

பகலில் கவனிக்க வேண்டியவை

இத்தனை பேருக்கு ஒரு பணியாளர் என ஒரே கணக்கை எல்லோருக்கும் பொருத்த இயலாது. தானே உண்டு, குளித்து, தோட்ட வேலை செய்பவருக்குத் தேவைப்படும் உதவி வேறு; ஊட்டவும் கழிப்பறைக்கு அழைத்துச் செல்லவும் ஆள் தேவைப்படுபவருக்கு வேறு. உங்கள் மகனைக் குளிப்பாட்டப்போகிறவர் யார், அவர் எவ்வளவு காலமாக அங்கே பணிபுரிகிறார், அவருக்கு வார விடுப்பு உண்டா என்று கேளுங்கள். ஓய்வின்றி உழைப்பவரிடம் பொறுமையை எதிர்பார்க்க இயலாது. முகங்கள் அடிக்கடி மாறினால் ஆட்டிசம் உள்ளவர் நிலைகுலைவார். சிறப்பாசிரியர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றவராக இருத்தல் வேண்டும்.

திடீர்க் கோபமோ, தலையை மோதிக்கொள்ளுதலோ பல நேரங்களில் பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் ஆகியவற்றின் வெளிப்பாடே. காரணத்தைத் தேடாமல் தூக்க மருந்தைக் கூட்டுவது முறையன்று. மருந்து ஆள் பற்றாக்குறைக்கு மாற்றும் அன்று. மருந்துப் பதிவேடு, மாத எடைப் பதிவு இரண்டையும் காட்டச் சொல்லுங்கள்.

ஒவ்வொருவருக்கும் தனிப் படுக்கை, தமக்கெனத் தனி உடைகள், கதவுள்ள கழிப்பறை, பெண்களுக்கு மாதவிடாய்க்கால உதவி, அன்றாட ஒழுங்கைக் காட்டும் படஅட்டவணை ஆகியன ஆடம்பரங்கள் அல்ல.

இங்கிலாந்தின் விண்டர்போர்ன் வியூ என்னும் தனியார் மருத்துவமனையில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உள்ளவர்கள் கொடுமைப்படுத்தப்பட்டது 2011-இல் தொலைக்காட்சி வழியே வெளிப்பட்டது. 11 பணியாளர்கள் தண்டிக்கப்பட்டனர். கட்டணம் மிகுந்த அவ்விடத்தில் உறவினர்கள் அறைகள் வரை செல்ல அனுமதிக்கப்படவில்லை. வரவேற்பறையிலேயே பேசி அனுப்பும் இல்லத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

சட்டப் பாதுகாப்பு

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 ஆட்டிசத்தையும் உள்ளடக்கியது. அதன்படி பதிவுச் சான்று இன்றி இல்லம் நடத்துதல் கூடாது. சான்றைக் கேட்டுப் பாருங்கள். துன்புறுத்தல் குறித்து அறிந்த எவரும் நிர்வாக நடுவரிடம் தெரிவிக்கலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரையும் அணுகலாம். 18 வயது நிறைந்தவருக்குப் பாதுகாவலர் தேவைப்பட்டால், தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999-இன் கீழ் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

இல்லத்தில் சேர்ப்பது ஒன்றே வழி அன்று. சமுதாயத்தில் வாழும் உரிமையையும் அதே 2016-ஆம் ஆண்டுச் சட்டம் உறுதி செய்கிறது. தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் 1981 முதல் செயல்படும் அமர் சேவா சங்கத்தின் பணியாளர்கள் கிராமங்களுக்கே சென்று குழந்தைகளுக்குப் பயிற்சி அளிக்கின்றனர். இத்தகைய உதவி போதுமா என முதலில் ஆராயுங்கள். மனச்சோர்வுறும் பராமரிப்பாளர்கள் 14416 என்ற எண்ணில் ஆலோசனை பெறலாம்.

சேர்ப்பதாயின், முதலில் சில நாட்கள் மட்டும் தங்கவைத்துப் பாருங்கள். அவருக்குப் பிடித்த உணவு, பொறுக்க இயலாத ஒலி, வலியை அவர் காட்டும் விதம், உண்ணும் மருந்துகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, பகல், இரவுப் பணியாளர் இருவரிடமும் தனித்தனியே கொடுங்கள்.