வல்லாள மகாராஜாவும் மொராக்கோக்காரரும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று மாசி மகம். முழங்கால் வலியோடு பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய்வந்தேன். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஞாபகம் இருக்கும். நம் அண்ணாமலையார் கௌதம நதிக்கரைக்கு எழுந்தருளி, வல்லாள மகாராஜாவுக்கு மகனாக இருந்து திதி கொடுக்கும் நாள் அது. அதற்கு ஒரு மாதம் முன்பு, தைப்பூசத்தன்று, ராஜா போரில் இறந்த செய்தி சாமிக்குச் சொல்லப்படும். அன்று கோயிலுக்குத் திரும்பும்போது மேளதாளம் இருக்காது.

ஊரார் சொல்லும் கதை உங்களுக்குத் தெரியும். பிள்ளையில்லாத ராஜாவின் அரண்மனைக்கு ஈசன் அடியாராக வந்தார், குழந்தையானார், "நானே உனக்கு மகன்" என்று வரம் தந்தார். வகுப்பில் நானும் இதைத்தான் சொல்லிவந்தேன்.

ஒரு வருஷம், ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "சார், அவருக்கு அப்புறம் அவர் மகன் ஆண்டார்னு நூலகப் புத்தகத்துல இருக்கே. அப்புறம் ஏன் சாமி திதி கொடுக்குது?" எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வாயும் வரவில்லை. "சாமி விஷயத்துல இதெல்லாம் கேக்கக் கூடாது, உட்காரு" என்று அதட்டிவிட்டேன். வகுப்பே சிரித்தது. நேற்று ஆற்றங்கரையில் நின்றபோது அந்த முகம்தான் கண்முன் வந்தது. அன்று சொல்லாத பதிலை இன்று எழுதுகிறேன்.

நாம் வல்லாளன் என்று அழைப்பவர் ஹொய்சள மன்னர் மூன்றாம் வீரவல்லாளர். 1292-ல் பட்டத்துக்கு வந்து 50 ஆண்டுகள் ஆண்டவர். தலைநகர் துவாரசமுத்திரம், இன்றைய கர்நாடகத்து ஹளேபீடு. 1311-ல் மாலிக் காபூரின் படை வந்தது. எதிர்த்து நிற்க முடியாது என்று கண்டு பணிந்தார், செல்வத்தைக் கொடுத்தார். அந்தப் படை தெற்கே மதுரைப் பக்கம் போனபோது வழிகாட்டவும் நேர்ந்தது. இதை நான் வகுப்பில் ஒருநாளும் சொன்னதில்லை. பிறகு துக்ளக் படையாலும் துவாரசமுத்திரம் அழிந்தபோது, நம் அண்ணாமலையைத் தலைநகராக்கிக்கொண்டார். கோயிலின் வல்லாள கோபுரம் அவர் பெயரைத்தான் சொல்கிறது.

அவர் முடிவு எப்படி நேர்ந்தது என்பதை நமக்குச் சொன்னவர் வட ஆப்பிரிக்காவின் மொராக்கோ நாட்டுக்காரர், தாஞ்சியர் நகரில் பிறந்த இபன் பதூதா. ஊர் திரும்பிய அவரிடம், பார்த்ததையெல்லாம் சொல்லி எழுதவைக்கும்படி ஆணையிட்டவர் அந்நாட்டு அரசர் அபூ இனான். 1355-ல் அந்த நூல் முடிந்தது. எங்கோ ஒரு வட ஆப்பிரிக்க அரசர் ஆசைப்பட்டதால் நம் ராஜாவின் கடைசி நாட்கள் நமக்குக் கிடைத்தன!

அவர் சொல்வது இது. 80 வயது தாண்டிய வல்லாளர், இன்றைய சமயபுரம் பக்கத்துக் கண்ணனூர்க் கொப்பத்தில் மதுரை சுல்தானின் கோட்டையை மாதக்கணக்கில் முற்றுகையிட்டிருந்தார். உள்ளே இருந்தவர்கள் சுல்தானிடம் கேட்டுச் சொல்ல அவகாசம் கேட்டார்கள். வல்லாளர் கொடுத்தார். அந்த அவகாசத்துக்குள் சுல்தான் கியாசுத்தீன் திடீரென்று வந்து பாய்ந்தார். வல்லாளர் பிடிபட்டார். விடுதலை தருவதாகச் சொல்லி யானை, குதிரை, செல்வம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, பிறகு கொன்று, தோலை உரித்து வைக்கோல் திணித்து மதுரைச் சுவரில் தொங்கவிட்டார்கள். நடந்தது 1342-ல். அதைத் தன் கண்ணால் பார்த்ததாக இபன் பதூதா சொல்கிறார்.

இதை மதச் சண்டையாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வல்லாளரின் படையில் 20,000 முஸ்லிம் வீரர்கள் இருந்ததாகவும் அதே நூல் சொல்கிறது. கியாசுத்தீன் இபன் பதூதாவுக்கு மனைவி வழியில் உறவு. ஆனாலும் பெண்களையும் பிள்ளைகளையும் அவர் கொன்றதை இபன் பதூதா வெளிப்படையாகக் கண்டித்திருக்கிறார். உறவு என்று மூடி மறைக்கவில்லை.

இனி அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். நீ படித்தது சரிதான் அம்மா. மகன் நான்காம் வல்லாளர் பட்டமேறினார். ஆனால் சில ஆண்டுகள்தான். 1346 வாக்கில் ஹொய்சளர் ஆட்சியே முடிந்து, நாடு விஜயநகரத்தார் கைக்குப் போனது. மதுரைச் சுவரில் தொங்கிய உடலுக்கு யார் கொள்ளி வைப்பது? வம்சம் போன பிறகு வருஷா வருஷம் யார் எள்ளும் தண்ணீரும் இறைப்பது? ஊர் அந்தக் கடனைத் தன் சாமியிடம் ஒப்படைத்தது என்றே நான் நினைக்கிறேன். இது என் எண்ணம் மட்டுமே, கல்வெட்டு இல்லை.

பணிந்தும் போயிருக்கிறார், போரிட்டும் இருக்கிறார், ஏமாந்தும் இருக்கிறார். அப்படிப்பட்ட ஒரு மனிதருக்குத்தான் ஏறக்குறைய 700 ஆண்டுகள் கழித்தும் திதி நடக்கிறது. இது தெரிந்த பிறகு எனக்குப் பக்தி குறையவில்லை. கூடத்தான் செய்தது.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது வல்லாள கோபுரத்தில் ஒரு நிமிஷம் நில்லுங்கள். கைகூப்பியபடி அவர் சிலை இருக்கிறது.

அந்த மாணவி இதைப் படித்தால், வாத்தியாரை மன்னித்துவிடு அம்மா. கேள்வி சரி. உட்காரச் சொன்னதுதான் தப்பு.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்,
திருவண்ணாமலை