அடிமனையும் வாடகையும்: குடியிருப்போர் பாதுகாப்பின் நூறாண்டுக் கதை

நம் பெரிய காஞ்சிபுரத்தில் "சொந்த வீடா, வாடகை வீடா?" என்று கேட்டால் பலரால் ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. "வீடு எங்களது, மனை கோயிலுடையது" என்பார்கள். சுவரும் கூரையும் குடியிருப்பவர் கட்டியவை, அடியில் உள்ள மண் மட்டும் கோயிலுக்கோ மடத்துக்கோ தனியாருக்கோ உரியது. இதைத்தான் அடிமனை என்கிறோம். இன்னொரு பக்கம், கட்டிய வீட்டை வாடகைக்கு எடுத்து, கூடத்தில் தறி போட்டுப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். இந்த இரு வகையினருக்கும் சட்டம் எப்போது என்ன பாதுகாப்பு தந்தது, எப்போது எதை எடுத்துக்கொண்டது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். நம் சங்கத்தில் வீட்டு உரிமையாளர்களும் இருக்கிறார்கள், குடித்தனக்காரர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பும் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு இது.

முதல் சட்டம் அடிமனைக்காகத்தான் வந்தது. முதல் உலகப் போருக்குப் பின் சென்னையில் மனை விலை ஏறியது. பல காலமாக அடிமனை வாடகை கொடுத்து, அதன் மேல் வீடு கட்டி வாழ்ந்தவர்களை நில உரிமையாளர்கள் காலி செய்யச் சொன்னார்கள். அதைத் தடுக்க 1921ஆம் ஆண்டின் சென்னை நகர குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவரப்பட்டது. நியாயமான மனை வாடகை கொடுத்துவரும் வரை நம்மை யாரும் வெளியேற்ற மாட்டார்கள் என்று நம்பிப் பிறர் நிலத்தில் கட்டியவர்களைக் காப்பதே அதன் நோக்கம். காலி செய்யச் சொன்னால் கட்டிடத்துக்கு இழப்பீடு தர வேண்டும். அல்லது நீதிமன்றம் நிர்ணயிக்கும் விலையைக் கொடுத்து மனையைத் தனக்கே விற்கும்படி குடியிருப்பவர் கேட்கலாம். பின்னாளில் அரசு அறிவிக்கை மூலம் இச்சட்டத்தை மற்ற நகரங்களுக்கும் விரிவாக்க வழி செய்யப்பட்டது.

கட்டிய வீட்டுக்கான வாடகைக் கட்டுப்பாடு இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வந்தது. போரால் வீட்டுப் பஞ்சம் ஏற்பட, 1941இல் சென்னை மாகாண அரசு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை பிறப்பித்தது. அது 1946இல் சட்டமாகி, 1949இல் புதிய சட்டமாக மாறியது. 1940 ஏப்ரலுக்கு முந்தைய ஓராண்டில் அந்தப் பகுதியில் நிலவிய வாடகையை அடிப்படையாக வைத்தே அன்று நியாய வாடகை கணக்கிடப்பட்டது. இந்த யோசனை நம் நாட்டில் தோன்றியதல்ல. 1915இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், ஆயுதத் தொழிற்சாலைகளுக்கு ஆட்கள் வந்து குவிந்ததைப் பார்த்து வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். மேரி பார்பர் என்ற பெண்மணியின் தலைமையில் இல்லத்தரசிகள் வாடகை தர மறுத்துப் போராடினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் பிரிட்டிஷ் அரசு வாடகையைப் போருக்கு முந்தைய அளவில் நிறுத்திச் சட்டம் போட்டது.

நம்மில் மூத்தவர்களுக்கு நன்கு தெரிந்தது 1960ஆம் ஆண்டுச் சட்டம்தான். "ரெண்ட் கன்ட்ரோல் கேஸ்" என்று முன்சீப் கோர்ட்டுக்கு அலைந்த கதைகள் எல்லாம் அதன் கீழ் வந்தவையே. வேண்டுமென்றே வாடகை பாக்கி வைத்தல், உள்வாடகைக்கு விடுதல், வாங்கிய நோக்கத்துக்கு மாறாகப் பயன்படுத்துதல், உரிமையாளரின் சொந்தத் தேவை, இடித்துக் கட்டுதல் என்று சட்டம் சொன்ன காரணங்கள் இருந்தால் மட்டுமே காலி செய்யக் கேட்க முடியும். 1973 திருத்தத்துக்குப் பின், குடியிருப்புக்கான நியாய வாடகை கட்டிடம், மனை இவற்றின் மொத்த மதிப்பில் ஆண்டுக்கு 9 சதவீதம் என்றும், கடைகளுக்கு 12 சதவீதம் என்றும் கணக்கிடப்பட்டது. வாடகையை வாங்க மறுத்துவிட்டுப் பிறகு "பாக்கி" என்று வழக்குப் போடும் தந்திரத்துக்கும் சட்டத்தில் பதில் இருந்தது. வங்கிக் கணக்கைக் கேட்டு நோட்டீஸ் கொடுக்கலாம். பதில் வராவிட்டால் மணியார்டர் அனுப்பலாம். அதுவும் திரும்பி வந்தால் நீதிமன்றத்தில் கட்டலாம். வாடகைதாரர் இறந்தால், அவருடன் வாழ்ந்த மனைவியும் மக்களும் வாடகைதாரர்களாகவே தொடர்ந்தார்கள். கணவர் பெயரில் இருந்த வீட்டில் விதவைகள் தொடர்ந்து வாழ முடிந்தது இந்த ஒரு வரியால்தான்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். விலைவாசி ஏறிய வேகத்தில் வாடகை ஏறவில்லை. ஓய்வூதியத்துக்குப் பதிலாக ஒரு வீட்டு வாடகையை நம்பிய உரிமையாளர்களும் பாதிக்கப்பட்டார்கள். வாடகை கட்டுப்படியாகாததால் ஓட்டைப் பிரித்துப் போடக்கூட மனம் வராமல் வீடுகள் பாழாயின. சொந்த மகனுக்கு வீடு வேண்டும் என்று கேட்ட வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுத்தன. பாதுகாப்பு தேவையானவருக்கும், வசதி இருந்தும் பழைய வாடகையில் கடை நடத்தியவருக்கும் சட்டம் ஒரே குடையைப் பிடித்தது. 400 ரூபாய்க்கு மேல் வாடகை உள்ள குடியிருப்புகளுக்கு இச்சட்டம் இல்லை என்றிருந்த பிரிவை 1986இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. எவ்வளவு வாடகை கொடுக்கும் கடைக்காரருக்கும் பாதுகாப்பு இருக்கும்போது, வீட்டில் குடியிருப்பவருக்கு மட்டும் வரம்பு எதற்கு என்பதே அதன் கேள்வி.

நம் ஊரை நேரடியாகத் தொட்ட திருப்பங்கள் இரண்டு. 1976 ஆகஸ்டில் அரசாணை 2000 மூலம் இந்து, கிறிஸ்தவ, முஸ்லிம் சமயப் பொது அறக்கட்டளைகள், பொது அறநிலையங்கள் ஆகியவற்றின் கட்டிடங்களுக்கு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திலிருந்து விலக்கு தரப்பட்டது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. அடுத்து, 1996ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் சமய நிறுவனங்களின் நிலங்களை அடிமனைப் பாதுகாப்புச் சட்டத்திலிருந்தும் வெளியே எடுத்தது. அதையும் 2005இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. இரண்டுக்கும் சொன்ன காரணம் ஒன்றே: கோயில் சொத்து தெய்வத்தின் சொத்து, பூஜைக்கும் தர்மத்துக்கும் எழுதி வைத்தது, அது சொற்ப வாடகையில் முடங்கக் கூடாது. இதில் நியாயம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கோயிலைச் சுற்றியே வளர்ந்த ஊரில், கோயில் மனையில் இருப்பவர்கள் இரண்டு சட்டங்களின் பாதுகாப்புக்கும் வெளியே நின்றார்கள் என்பதும் உண்மை.

இன்று அவர்களுக்கு உள்ளது இந்து சமய அறநிலையத் துறைச் சட்டத்தின் 34-ஏ பிரிவு. சந்தை மதிப்பைக் கருத்தில் கொண்டு ஒரு குழு வாடகையை நிர்ணயிக்கும், மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை அது மாற்றப்படும். ஆட்சேபம் இருந்தால் 30 நாட்களுக்குள் ஆணையரிடம் மேல்முறையீடு செய்யலாம். பலர் நோட்டீசைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் கெடுவைத் தவற விடுகிறார்கள். பாக்கி ஏறிவிட்டால் வாடகைதாரர் என்ற நிலை போய், ஆக்கிரமிப்பாளர் என்ற நிலை வந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

அமெரிக்காவிலும் இதே சிக்கல் உண்டு. அங்கே "மொபைல் ஹோம்" எனப்படும் வீடுகளில் வாழ்பவர்களில் பலர் முதியவர்கள், குறைந்த வருமானக்காரர்கள். வீடு அவர்களுடையது, நிற்கும் மனை வாடகை. பெயரில்தான் நகரும் வீடு. ஒரு முறை நிறுத்திவிட்டால் பெயர்த்து எடுத்துப் போகப் பெரும் செலவாகும். மனை வாடகையை ஏற்றினால் கொடுப்பதைத் தவிர வழியில்லை. அதனால் கலிபோர்னியா 1978இல் தனிச் சட்டம் இயற்றியது. எஸ்கொன்டிடோ நகரம் 1988இல் மக்கள் வாக்கெடுப்பு மூலம் மனை வாடகையைக் கட்டுப்படுத்தியது. நில உரிமையாளர்கள் தொடுத்த வழக்கில், இது அவர்கள் நிலத்தைப் பறிப்பதாகாது என்று 1992இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது.

நம் நெசவாளர் நிலையும் ஏறக்குறைய இதுதான். மற்றவர்கள் வீடு மாறினால் பெட்டி படுக்கையோடு போய்விடலாம். குழித்தறி போட்டவர் தறிக்குழியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. புது வீட்டில் குழி தோண்ட உரிமையாளர் சம்மதிக்க வேண்டும், ஜக்கார்டு பெட்டிக்குக் கூரை உயரம் வேண்டும், பாவு போட அக்கம்பக்கம் ஒத்துழைக்க வேண்டும். அதுவரை கூலி கிடையாது. வீட்டை இழப்பதும் வேலையை இழப்பதும் அவருக்கு ஒரே நாளில் நடக்கும்.

2019 பிப்ரவரி 22 முதல் 1960 சட்டம் நீங்கி, 2017ஆம் ஆண்டின் நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்கள் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இதில் நியாய வாடகை என்ற கணக்கே இல்லை, இருவரும் ஒப்புக்கொண்டதுதான் வாடகை. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். வேறு விதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. தண்ணீர், மின்சாரத்தை நிறுத்தக் கூடாது. வாடகைதாரர் இறந்தால் வாரிசுகள் ஒப்பந்தத்தில் மீதமுள்ள காலத்துக்கு மட்டுமே தொடரலாம். எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளாததே காலி செய்யக் கேட்க ஒரு காரணமாகலாம். வாய்ப்பேச்சில் முப்பது வருடம் குடியிருந்தவருக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்த நூறாண்டுக் கதையில் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. சட்டம் எல்லோருக்கும் ஒரே அளவில் பாதுகாப்பு கொடுத்தபோது உரிமையாளர் நொந்தார். அதை எல்லோரிடமிருந்தும் ஒரே அளவில் எடுத்தபோது எளியவர் நிர்க்கதியானார். தேவை நடுவழி. முதியோர், விதவைகள், வீட்டிலேயே தறி வைத்துள்ளோர், கோயில் மனையில் சிறு வீடு கட்டியோர் ஆகியோருக்கு மட்டும் வாடகை உயர்வில் ஒரு வரம்பும், காலி செய்யப் போதிய அவகாசமும் சட்டத்திலேயே வேண்டும் என்று நாம் கேட்கலாம். இது உரிமையாளரின் நியாயத்தையும் கெடுக்காது.

அதுவரை நம் கையில் உள்ளவை:

• ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்யுங்கள். வீட்டில் தறி இருந்தால் அதை ஒப்பந்தத்திலேயே குறிப்பிடுங்கள்.
• வாடகைக்கு ரசீது கேளுங்கள், அல்லது வங்கி மூலம் செலுத்துங்கள். வாங்க மறுத்தால் மணியார்டர் அனுப்பி, அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.
• அடிமனை ரசீது தாத்தா பெயரிலேயே இருந்தால், பெயர் மாற்றத்துக்கு இப்போதே விண்ணப்பியுங்கள்.
• நோட்டீஸ் வந்தால் வந்த தேதியைக் குறித்துக்கொண்டு, அதே வாரத்தில் சங்கத்துக்குத் தெரிவியுங்கள்.
• உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பழைய குடித்தனக்காரர் முதியவரானால், ஒப்பந்தக் காலத்தைச் சற்று நீட்டி எழுதுங்கள்.